இரண்டு சீட்டு ஒட்டிய புத்தகம்

கடைசி அட்டையின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டு நிரம்பிப்போய், அதன் மேலேயே இன்னொரு சீட்டை ஒட்டியிருந்தார்கள். அதுவும் முக்கால்வாசி ஊதா முத்திரைகளால் நிறைந்திருந்தது. பசை காய்ந்து ஓரம் சுருண்டிருந்த இரண்டாவது சீட்டை நகத்தால் தூக்கி அடியில் இருந்ததையும் பார்த்தேன். வரிசை வரிசையாகத் தேதிகள். புத்தகத்தை யாராவது எடுத்துப்போகும் ஒவ்வொரு முறையும், திருப்பித் தரவேண்டிய தேதியை நூலகர் அந்தச் சீட்டில் குத்துவார். அப்படியென்றால் ஒவ்வொரு முத்திரையும் ஒரு வாசகர். அந்த யோசனை எனக்கு வந்தது அந்த நொடியில்தான். ஒரு புத்தகம் நன்றாக இருக்குமா என்று இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, அட்டைப்படத்தையும் முன்னுரைப் புகழ்ச்சியையும் நம்பி ஏமாற வேண்டியதில்லை, பின்பக்கம் திருப்பி முத்திரைகளை எண்ணினால் போதும். கூட்டம் நிற்கிற பிரியாணிக் கடையைப் பார்த்ததும் நாமும் போய் நிற்போமே, அதே நம்பிக்கை. இத்தனை நாள் இதை யாரும் கண்டுபிடிக்கவில்லையா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பொறியியல் முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் தேர்வாகி, கடிதமும் கைக்கு வந்து, வேலையில் சேரும் நாள் மட்டும் வராமல் இருந்த காலம் அது. மாதம் ஒரு மின்னஞ்சல் வரும். உங்கள் பொறுமைக்கு நன்றி, விரைவில் தெரிவிப்போம் என்று அதில் இருக்கும். முதல் இரண்டு முறை நம்பினேன். மூன்றாவது முறை, அந்த வரிகள் சென்ற மாதத்து வரிகளேதானா என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அவையேதான். விருதுநகரிலிருந்து நாங்கள் கொரட்டூருக்குக் குடிவந்து அப்போது நான்கு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அம்மாவுக்கு இந்த ஊரின் எதன்மீதும் முழு நம்பிக்கை வந்திருக்கவில்லை. “ஏண்டி, அது நெசமாவே கம்பெனிதானா? ஒரு எட்டு போயி கட்டடம் இருக்கான்னு பாத்துட்டு வா” என்றாள். வெட்கமாக இருந்தாலும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கட்டடம் இருந்தது. பெயர்ப்பலகையும் இருந்தது. வாசலில் நின்ற காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்ததில், நான்தான் ஏதோ தப்பு செய்ய வந்தவள்போல வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். வரும் வழியில்தான் அந்த நூலகத்தைப் பார்த்தேன்.

எந்தத் தெருவில் இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆவடிக்கும் பாடிக்கும் நடுவில் எங்கோ ஒரு கிளை நூலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் சொல்லவில்லை என்பது போகப் போகப் புரியும். வாடகைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரே கூடம், நடுவில் நாளிதழ் மேசை, சுவரோரம் கூரைவரைக்கும் இரும்பு அலமாரிகள். வாசலுக்கு நேரே நூலகரின் மேசை. அவருடைய நாற்காலிக்கு இடப்பக்கம், இடுப்பு உயரத்துக்கு ஒரு குட்டை அலமாரி. மேலே சொன்ன இரண்டு சீட்டுப் புத்தகம் அதில்தான் இருந்தது.

நூலகருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பேனா, ஒரு நீலப் பேனா, நாற்காலியில் நான்காக மடித்த துண்டு, மேசையில் முத்திரை, மைப்பெட்டி, அதன் பக்கத்தில் மூட்டுவலித் தைலம். எழுந்து நடப்பதைக் கூடுமானவரை தவிர்ப்பார். ஒரு புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கையை நீட்டித் திசையைக் காட்டுவார், அவ்வளவுதான். நான் உறுப்பினராகச் சேர்ந்த அன்று படிவத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, “பரீட்சைக்குப் படிக்கிறியாம்மா?” என்றார். இல்லை என்றேன். “வேலையில இருக்கியா?” அதற்கும் இல்லை, ஆனால் இருக்கு என்றேன். “அப்போ எதுக்கு வர்றே?” என்றார். கதைப் புத்தகம் படிக்க என்றதும் அவர் முகத்தில் வந்த சந்தேகத்தை இன்றுவரை மறக்கவில்லை. அரசுத் தேர்வுக்குத் தயாராகும் யாரோ புத்தகங்களிலிருந்து பக்கங்களைப் பிளேடால் அறுத்துக்கொண்டு போவதாகவும், அந்த ஆளை அவர் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்ததாகவும் பிறகுதான் தெரிந்தது. தேர்வுக்கும் படிக்காமல், வேலைக்கும் போகாமல், தினமும் வந்து புத்தகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான்.

போதாக்குறைக்கு நான் ஒரு நோட்டு வாங்கினேன். எந்த வேலையை எடுத்தாலும் அதற்கு ஒரு நோட்டு போடாவிட்டால் எனக்குக் கை ஓடாது. இடப்பக்கம் புத்தகத்தின் பெயர், வலப்பக்கம் முத்திரைகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, கடைசி அட்டையைத் திறந்து, உதட்டசைத்து எண்ணி, எழுதிக்கொண்டு, திரும்ப வைப்பேன். நாளிதழ் மேசையில் மத்தியானங்களில் வந்து உட்காரும் ஆட்டோ அண்ணன் ஒருவர் இதை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டார்: “இன்னா பாப்பா, தெனமும் வந்து பின்னட்டையவே பாத்துகினு கீற? புக்க முன்னாடிலேர்ந்து படிக்கணும், தெரியும்ல?” நான் சிரித்து மழுப்பினேன். அவர் நூலகர் பக்கம் திரும்பி, “சாரே, உஷாரு. இது மனு போட்ற பார்ட்டி மாரி கீது. நோட்டெல்லாம் வெச்சிகினு கீது” என்றார். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். நூலகர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து நான் எடுக்கும் புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்துவார். திருப்பித் தரும்போது மறுபடியும் புரட்டுவார்.

என் பட்டியலில் ஒரு விசித்திரம் இருந்தது. அதிக முத்திரை வாங்கியவை எல்லாம் அந்தக் குட்டை அலமாரியிலும் அதற்கு அடுத்த அலமாரியின் கீழ்த்தட்டுகளிலும் இருந்தன. மேலே போகப் போக முத்திரைகள் குறைந்தன. கூரைக்குக் கீழே இருந்த கடைசித் தட்டில் சீட்டுகள் ஒட்டிய நாளில் இருந்த வெள்ளையிலேயே இருந்தன. நல்ல புத்தகங்களை எல்லாரும் கேட்பார்கள், அதனால் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறார் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அந்த விளக்கத்தில் குறையும் தெரியவில்லை. ஏனென்றால் பட்டியலின்படி எடுத்தவை ஒவ்வொன்றும் என்னைக் கட்டிப்போட்டன. கலங்கரை விளக்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவரின் அனுபவங்கள். கல்யாணச் சமையலுக்கு ஊர் ஊராகப் போன ஒருவர், எந்தெந்த வீட்டில் யார் யாருடன் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்கள் என்று எழுதியது. பாம்புகளைப் பற்றிய ஒரு புத்தகம், அதைப் படித்தபிறகு கொரட்டூர் ஏரிக்கரையில் நடப்பதையே ஒரு வாரம் நிறுத்திவைத்தேன். பள்ளியிலும் கல்லூரியிலும் பாடத்தைத் தவிர வேறெதையும் தொடாமல் வளர்ந்த எனக்கு, தமிழில் இவ்வளவு சுவாரஸ்யம் கிடக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. மின்னஞ்சல் வராதது மறந்துபோயிற்று. காலையில் எழுந்ததும் நினைவுக்கு வருவது நேற்று விட்ட பக்கம்தான்.

முத்திரைப் பட்டியலில் முதலிடம் அந்த இரண்டு சீட்டுப் புத்தகத்துக்கு. மலையில் ஓர் எஸ்டேட் பங்களா, ஒரு கல்யாணம், அதில் காணாமல்போகும் வைர அட்டிகை. சிறிய துப்பறியும் நாவல். பிடித்ததைக் கடைசியில் சாப்பிடுகிறவள் நான், அதனால் அதை ஒதுக்கி வைத்திருந்தேன். ஒருநாள் எடுத்துப்போய் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் தொண்ணூற்றாறாம் பக்கம்வரை வந்துவிட்டேன். துப்பறிகிறவர் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து, “திருடியவர் இந்த அறையில்தான் இருக்கிறார்” என்கிறார். பக்கத்தைத் திருப்பினால் திரும்பவில்லை. கடைசிப் பதினாறு பக்கங்கள் அச்சகத்தில் மடித்த மடிப்போடு அப்படியே இருந்தன. மேல் ஓரம் வெட்டப்படவே இல்லை. இரண்டிரண்டு தாள்கள் தலையில் ஒட்டிக்கொண்டு, காகிதப் பைகள்போல நின்றன. நான் பொறுமைசாலி அல்ல. ஸ்டீல் ஸ்கேலை உள்ளே நுழைத்து வரக் வரக்கென்று அறுத்து, திருடியது யார் என்று தெரிந்துகொண்டு, சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டாவது தோசையில்தான் உறைத்தது.

இரண்டு சீட்டு நிறைய ஆட்கள் இந்தப் புத்தகத்தை எடுத்துப்போயிருக்கிறார்கள். ஆனால் ஒருவர்கூட மடிப்பை வெட்டவில்லை. அத்தனை பேரும் திருடியது யார் என்று தெரியாமலேயே, பரவாயில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களா? ஒருவர் செய்யலாம், இருவர் செய்யலாம். இத்தனை பேரா? தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, சீட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். முத்திரைகள் ஐந்தைந்தாக, ஆறாறாக ஒரே சாய்வில் இருந்தன. ஒரே மை அடர்த்தி. வெவ்வேறு வாரங்களில் குத்தியவை அப்படி இருக்காது.

மறுநாளிலிருந்து நான் படிப்பதை நிறுத்திவிட்டுக் கவனிக்க ஆரம்பித்தேன். மூன்று மணிக்குக் கூடத்தில் ஆட்டோ அண்ணனும் நானும்தான். அண்ணன் நாளிதழை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார். அப்போது கேட்கும், டப், டப், டப் என்று. எட்டிப் பார்த்தால், நூலகர் இடக்கையை நீட்டிக் குட்டை அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி, பின்னட்டையைத் திறந்து, முத்திரையின் தேதியைத் திருகித் திருகி ஐந்தாறு முறை குத்தி, பதிவேட்டில் அத்தனை எண்களை எழுதி, புத்தகத்தைத் திரும்பச் செருகுவார். பிறகு அடுத்தது. ஆளே இல்லாமல் புத்தகங்கள் வெளியே போய் வந்துகொண்டிருந்தன. சொல்லப்போனால் அவை நாற்காலியை விட்டு ஒரு முழம்கூட நகரவில்லை. பதிவேட்டில் அவர் எழுதியவை எப்போதோ சேர்ந்து வராமல்போன பழைய உறுப்பினர்களின் எண்கள் என்று பின்னால் ஊகித்துக்கொண்டேன். முதலில் திருட்டு என்றுதான் நினைத்தேன். ஆனால் திருடுகிறவர் பொருளைக் குறைப்பார். இவர் எதையும் குறைக்கவில்லை, வாசகர்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். எதற்கென்று புரியாதது என் ஆத்திரத்தை அதிகமாக்கியது. நான் கண்டுபிடித்த முறை, என் நோட்டு, என் பட்டியல் எல்லாமே இந்த மனிதரின் இடக்கை எட்டுகிற தூரத்துக்கு நான் போட்ட வரைபடம். இல்லாத கூட்டத்தை நம்பி வரிசையில் நின்றிருக்கிறேன்.

அன்று மாலையே புகார்க் கடிதம் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி. பெறுநர், மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வரும் அதிகாரி. அந்த வாரம் அவர் வரப்போகிறார் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. கடிதத்தை நோட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டேன். பொய்யைப் பிடித்துவிட்ட உற்சாகத்தில் அன்று நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆய்வு நாளன்று காலையில் நான் போனபோது தரை கழுவியிருந்தது. நூலகர் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார், துண்டையும் தைலத்தையும் காணவில்லை. நான் திருப்பித் தந்த நாவலை, இருந்த பரபரப்பில், அன்றைக்கு மட்டும் புரட்டிப் பார்க்காமல் குட்டை அலமாரியில் செருகினார். ஆட்டோ அண்ணன் வழக்கத்துக்கு மாறாக விழித்திருந்தார். அந்த நேரத்தில் சவாரியில் இருக்க வேண்டியவர். என்ன அண்ணா இந்நேரத்துக்கு என்றேன். “சார் தான் வரச்சொன்னாரு. நாலு தலை தெரியணுமாம்” என்றார் குரலைத் தாழ்த்தி. “புக்கு எடுத்துகினு போற ஆளு கம்மியாயிட்ச்சுன்னா இத்த மூடிட்டு, ரயில்வே லைனுக்கு அந்தாண்ட கீற லைப்ரரியோட சேத்துடுவாங்களாம். ஊட்டுக்காரன் வேற, எப்படா காலி பண்ணுவாங்க, மெடிக்கல் ஷாப் வெக்கலாம்னு நின்னுகினு கீறான். நான் மத்தியானம் எங்க போயி குந்துவேன், நீயே சொல்லு பாப்பா.” நோட்டு என் கையில் இருந்தது. அதற்குள் கடிதம் இருந்தது. டப் டப்பென்று மத்தியானங்களில் கேட்ட சத்தம் எதற்கென்று அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. விளங்கியும் கோபம் போகவில்லை. கூடம் தப்பவேண்டும் என்பதற்காக ஒருவர் பொய் எழுதலாமா, எழுதுகிறவருடைய வேலையும் அதோடு சேர்ந்து தப்புகிறதே, எது எதற்காக என்று யார் பிரித்துச் சொல்வது? யோசித்து முடிப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது.

அதிகாரி ஓர் அம்மையார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பதிவேட்டைப் பார்த்தார், பிறகு அலமாரியைப் பார்த்தார். இத்தனை பேர் எடுக்கிறார்களா என்று ஒருமுறை கேட்டார். ஆமாம் மேடம் என்றார் நூலகர். அம்மையார் குனிந்து, குட்டை அலமாரியிலிருந்து அவருக்குத் தோன்றிய ஒன்றை உருவினார். அந்தத் துப்பறியும் நாவல். இரண்டு சீட்டைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. புரட்டிக்கொண்டே போனவர், கடைசியில் நின்றார். “இது என்ன, மேல எல்லாம் பிஞ்சிருக்கு? யாரு இப்படிப் பண்ணது?”

நூலகர் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் திகைப்பு வந்தது, உடனே அது வேறொன்றாக மாறியது. மாதக்கணக்கில் தேடிய ஆள் கிடைத்துவிட்டது என்கிற முகம். “இந்தப் பொண்ணுதான் மேடம் கடைசியா எடுத்தது” என்று என்னைக் கைகாட்டினார்.

இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது. நான் கிழிக்கவில்லை மேடம், வெட்டினேன். இதுவரை யாருமே வெட்டவில்லை, ஏனென்றால் யாருமே படிக்கவில்லை. இதைச் சொன்னால் என் பெயர் அப்பழுக்கில்லாமல் நின்றுவிடும். அந்த இரண்டு சீட்டும், பதிவேடும், அதன் பின்னால் இந்தக் கூடமும் விழுந்துவிடும். சொல்லாவிட்டால் நான்தான் பக்கங்களை அறுக்கிறவள். என்னைக் காட்டிக்கொடுத்த மனிதர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், எதைக் காட்டிக்கொடுக்கிறோம் என்று தெரியாமல். ஆட்டோ அண்ணன் நாளிதழுக்கு மேலே கண்ணை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்.

“என் அக்கா பையன் மேடம்” என்றேன். “ஸ்கேல வெச்சு அறுத்துட்டான். நான் கவனிக்கல.”

எனக்கு அக்காவே கிடையாது. அம்மையார் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார். படித்த பெண் நீயே இப்படிச் செய்தால் எப்படி என்றார். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும், உறுப்பினர் அட்டை மூன்று மாதத்துக்கு நூலகத்திலேயே இருக்கட்டும் என்றார். புகார்க் கடிதம் மடித்திருந்த அதே நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மன்னிப்புக் கடிதம் எழுதினேன். இரண்டுக்கும் பெறுநர் ஒருவரே. தவறான கடிதத்தை எடுத்துக் கொடுத்துவிடக் கூடாதே என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக் கொடுத்தேன். போகும்போது அம்மையார் நூலகரிடம், “இப்படியே நடத்துங்க, பாக்கலாம்” என்று சொன்னதோடு சரி. அந்தக் கூடம் இன்றும் இருக்கிறது.

ஜீப் போனபிறகு நூலகர் நாவலைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். அறுத்த ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார். கிழிசல் வேறு, மடிப்பை வெட்டியது வேறு என்று புத்தகத்தோடு இருக்கிறவருக்குத் தெரியாதா? “இது கிழிஞ்சது இல்லையே” என்றார். இல்லை சார் என்றேன். அவருடைய காது மடல் சிவந்தது. மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். “இருந்தாலும், அரசாங்கப் புத்தகத்துல ஸ்கேல் வெக்கறது தப்புதான்மா. நான் இத்தனை வருஷத்துல ஒரு புக்கு மேலயும் இரும்பு பட விட்டதில்ல” என்றார். பிறகு அட்டையை மூடிக்கொண்டே, போகிற போக்கில், “திருடினது யாரு, அந்த எஸ்டேட்காரரோட தம்பிதானே?” என்றார். எனக்கு இருந்த எரிச்சலில், “அதான் வெட்டி வெச்சிருக்கேனே, படிச்சுப் பாருங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அம்மாவை அழைத்துப்போய் உறுப்பினராகச் சேர்த்தேன். அம்மா தினத்தாள் தவிர எதையும் வாசிக்கமாட்டாள் என்பது அவளுடைய கையெழுத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கும். “அம்மா படிப்பாங்களா?” என்றார். “நெறைய” என்றேன். அம்மா என்னை முறைத்தாள். அவர் மறுபேச்சு பேசாமல் அட்டை எழுதினார். மூன்று மாதம் அம்மாவின் அட்டையில் நான் எடுத்த புத்தகங்களுக்கு அவர் முத்திரை குத்தினார். நானும் அவரும் சேர்ந்து எழுதிய பொய்கள் அவை. அவர் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை. நானும் மூன்று மணிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பதை நிறுத்தவில்லை. இருவருக்கும் அடுத்தவர்மேல் இருந்த சந்தேகம் அப்படியே இருந்தது, பழகிப்போய்விட்டது, அவ்வளவுதான். ஒருநாள் நேராகவே கேட்டேன்: “எந்தப் புக்குல குத்தறதுன்னு எப்படி சார் முடிவு பண்றீங்க?” எதைக் கேட்கிறேன் என்று புரியாததுபோல நடிக்கக்கூட இல்லை. “கைக்கு எட்டுறதும்மா. முட்டி வலில எந்திரிச்சா நடக்க முடியும்?” என்றார்.

கடைசியில் மின்னஞ்சல் உண்மையாகவே வந்தது. வேலையில் சேர்ந்தேன், வீட்டையும் பாரிவாக்கத்தில் ஒரு புது அடுக்ககத்துக்கு மாற்றிக்கொண்டோம். அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டின்போது எல்லாரும் புத்தகம் பேசுகிறார்கள். எதற்கு எத்தனை நட்சத்திரம், எத்தனை ஆயிரம் பேர் வாங்கினார்கள் என்று கைப்பேசியைக் காட்டுகிறார்கள். எனக்கு உடனே மூன்று மணிச் சத்தம் கேட்கிறது. அந்த நட்சத்திரங்களை எந்த நாற்காலியில் உட்கார்ந்து யார் குத்துகிறார்கள்? அப்படி ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான், பாதி உருண்டையில், இன்னொன்று உறைத்தது. எனக்கு எல்லாமே சாப்பிடும்போதுதான் உறைக்கும்போல. அந்த எஸ்டேட்காரரின் தம்பியைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்? தம்பி கதைக்குள் வருவதே எண்பதாம் பக்கத்துக்குமேல். கைக்கு எட்டியதால் மட்டும் குத்துகிறவர், தொண்ணூற்றாறாம் பக்கம்வரை படித்திருக்கிறார். அதற்குமேல் இரும்பு பட விடக் கூடாது என்று வருடக்கணக்கில் நிறுத்திவைத்திருந்திருக்கிறார், தம்பிதான் என்ற சந்தேகத்தோடு. அப்படியென்றால் மற்றவை? கலங்கரை விளக்கமும் கல்யாணச் சமையலும் பாம்புகளும் கைக்கு எட்டும் இடத்துக்குத் தாமாகவா நடந்து வந்தன? அந்த அலமாரியை அடுக்கியது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிடலாம் என்று போனேன். அவர் மாற்றலாகிப் போய் இரண்டு வருடம் ஆகிறதாம். எந்த ஊர் என்று புதிதாக வந்திருப்பவருக்குத் தெரியவில்லை. மேசையில் கணினி வந்திருக்கிறது. புத்தகத்தின்மேல் கோடு கோடாக ஒரு சீட்டு ஒட்டி, அதைக் கருவியால் காட்டினால் பீப் என்கிறது. முத்திரை இல்லை. ஆட்டோ அண்ணன் மட்டும் அதே இடத்தில், நாளிதழை முகத்தில் போட்டுக்கொண்டு. எழுப்பினால், “அட, மனு பார்ட்டி” என்றார். “உன்ன மாட்டிவுட்டாரே சாரு, அவரு போறப்ப உன்னதான் கேட்டாரு.” என்ன கேட்டார் என்றேன். “அந்தப் பொண்ணு இன்னும் பின்னட்டைய எண்ணிகினு கீதான்னாரு” என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் நாளிதழை இழுத்துவிட்டுக்கொண்டார்.

நாவல் அதே குட்டை அலமாரியில் இருந்தது. இரண்டாவது சீட்டின் ஓரம் இன்னும் கொஞ்சம் சுருண்டிருந்தது. நான் எடுத்த அன்று குத்திய முத்திரைக்குக் கீழே ஒரே ஒரு முத்திரை கூடியிருந்தது, தனியாக, நேராக. யாராவது நிஜமாகவே எடுத்துப்போனார்களா, அவரே வீட்டுக்குக் கொண்டுபோய்த் தம்பியா இல்லையா என்று பார்த்துவிட்டுக் கொண்டுவந்து வைத்தாரா, இல்லை மூன்று மணிக் கணக்கில் ஒன்றா என்று சீட்டு சொல்லாது. ஊதா மை எல்லாவற்றுக்கும் ஒரே ஊதாதான்.

ஆனால் கைக்கு எட்டியதில்தான் குத்தினேன் என்று அவர் சொன்னது உண்மையா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஏணி கேட்டேன். கூரைக்குக் கீழே இருந்த தட்டிலிருந்து, அவர் கை ஒருநாளும் எட்டியிருக்க முடியாத இடத்திலிருந்து, வெள்ளைச் சீட்டுப் புத்தகங்கள் மூன்றை இறக்கினேன். பெயரைப் பார்க்காமல், அட்டையைப் பார்க்காமல், வரிசையில் முதல் மூன்று. தூசி தட்டிக் கொடுத்ததும் புதியவர் பீப் போட்டுத் தந்தார். மூன்றும் பையில் இருக்கின்றன, ஒன்றுக்கு இன்னும் மடிப்பு வெட்டவில்லை. புது நோட்டு வாங்கிவிட்டேன். ஸ்டீல் ஸ்கேல் பழையதுதான். மூன்றும் என்னைக் கட்டிப்போட்டால், கைக்கு எட்டியதைத்தான் குத்தினார் என்பதை நம்பி, கீழ்த்தட்டும் மேல்தட்டும் ஒன்றுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். மூன்றும் சலித்துவிட்டால், நல்லதைப் படித்துப் பொறுக்கிக் கீழே அடுக்கியது அவர்தான், சார் மாட்டிக்கொண்டார்.